எதிர்ப்பக்கம் சாய்ந்த படகு

ஆப்பியா,
ஞாயிறு, ஆராதனைக்குப் பின்.

அன்புள்ள தம்பி மலாகிக்கு, உன் அண்ணன் நெயேமியா தன் சொந்தக் கையால் எழுதுவது.

கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் மேலும் கீழும் போகும். சில எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். நீங்கள் எல்லாரும் போதகர் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அப்பா என்னை மீன்பிடிக்கக் கூட்டிப்போய்விட்டார். இப்போதுதான் போதகரின் மனைவி எனக்குச் சொல்லித்தருகிறார். நேற்று மீன் டப்பாவின் மேல் இருப்பதை நானே படித்துவிட்டேன், மலாகி! உன் அண்ணி பெலெனிசே, "ஏன் இப்படிக் கத்துறீங்க, உள்ள இருக்கிற மீனுக்குக் காது கேக்காது" என்கிறாள்.

நீ ஃபோனுக்கு வருவதில்லை. உன் மனைவி மரேதாவைக் கேட்டால், "வரைஞ்ச படகுப் படத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டார், அத்தான். சாப்பிடவும் மாட்டேங்கிறார்" என்று அழுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஃபோனில் மரேதா வழியாக உனக்குப் பாதிதான் வந்திருக்கிறது. நடந்ததை முழுதாகக் கேள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை விடியும்போது எழுந்து வாசல் பக்கத்து ஓலைத் தட்டியைச் சுருட்டினேன். முற்றத்தில், மழையில், ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் சடங்குப் பாய். முன்னால், எங்களைச் சுட்டாலும் சரி என்பதற்கு அடையாளமாக, விறகும் அடுப்புக் கல்லும். கொலைப் பழியைச் சுமந்து மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் உட்காரும் அதே முறையில். நம் வீட்டில் யாரோ செத்திருக்கிறார்கள், யார் என்று எனக்குத் தெரியவில்லை! பெலெனிசே தூங்குகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தாள். பெசமினோவின் படுக்கைதான் காலி. முதல்நாள் மாலை அவன் தன் சிநேகிதன் தோமசியோடு புதுப் படகில் சூரை பிடிக்கப் போயிருந்தான். இரவில் வராமல் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை. அதனால் தேடவும் இல்லை.

தோமசியின் அப்பா அபேலு பாய்க்குள்ளிருந்தே பேசினார். "உங்க மகனைக் கடல்ல தொலைச்சிட்டோம். என் பையன்தான் சுக்கான் பிடிச்சிருந்தான். எங்களை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

பவளத்திட்டுக்கு வெளியே தோமசி முழு வேகத்தில் வளைத்துத் திருப்பியிருக்கிறான். ஒற்றை உடல் படகு, திரும்புகிற பக்கம் சாயும். உன் படத்தைப் பார்த்து நான் கட்டிய இந்த ஆலியா, இரட்டை உடல் படகு, எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஓரத்தில் நின்ற பெசமினோவை உதறிவிட்டது. இருட்டில் கத்திக் கத்தித் தேடியும் பதில் இல்லை.

மன்னிக்கிறேன் என்றால் நான் போய்ப் பாயைத் தூக்க வேண்டும். என் கால் நகரவில்லை. அக்கா பிள்ளைகள் வெட்டுக்கத்தியோடு வந்து என் முகத்தையே பார்த்து நின்றார்கள். மழை விட்டு வெயில் ஏறியது. நான் கல்லாய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது காலை பஸ் வந்து நின்றது. பெசமினோ இறங்கினான். யாருடைய பூப்போட்ட துணியையோ இடுப்பில் கட்டியிருந்தான், கையில் அவித்த வாழைக்காய். நான் எழுந்து ஓடுவதற்குள், கூட்டத்தைக் கண்டு அவனும் பயந்துபோய், கடைசிப் பாயின் பக்கத்தில் குந்தி, "யாருங்க செத்தது?" என்று மெல்லக் கேட்டான்.

"பெசமினோ" என்று உள்ளிருந்து அழுகை.

"எந்தப் பெசமினோ?"

"படகு கட்டுற நெயேமியா மகன். என் உயிர்ச் சிநேகிதன்."

"அடப்பாவி தோமசி, என்னைத் தள்ளிவிட்டதும் இல்லாம சாகடிச்சும் விட்டியா!" என்று இவன் பாயைத் தூக்க, தோமசி ஓர் அலறல் அலறிப் பன்றிப் பட்டிக்குள் போய் விழுந்தான்.

நீரோட்டம் பெசமினோவை அடுத்த ஊர்க் கரையில் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஊரார் சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். பவளம் கிழித்ததில் விலாவில் காயம், வேறொன்றும் இல்லை. நான் அபேலுவைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் கொண்டுவந்த விறகிலேயே பன்றி சுட்டு எல்லாரும் சாப்பிட்டோம். ஆனாலும் விடிகாலையில் தட்டியைச் சுருட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பெலெனிசே முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருமில்ல, எழுந்திரிங்க" என்கிறாள்.

படம் உன்னுடையது, அதனால் பழியும் உன்னுடையது என்று நீ உட்கார்ந்திருக்கிறாய். நம் முதல் ஆலியா பிளைவுட். கடல் புழு அதன் அடியைத் தின்றது. அடுத்ததில் இரண்டு உடல்களுக்கு நடுவே தட்டு தாழ்ந்திருந்தால்தான் அழகு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அலை அடியிலிருந்து அறைந்த அறையில் உன் முன்பல் இரண்டும் போயின. ரத்தத்தைத் துப்பிவிட்டு நீ சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, தட்டை ஒரு முழம் தூக்கணும்." தூக்கினோம். ஊரே நெட்டைக்கால் கோழி என்று சிரித்தது. பிறகு எல்லாருக்கும் அந்தக் கோழிதான் வேண்டியிருந்தது. அலுமினியத்துக்கு மாறினோம், குறுக்குக் குழாய் வெடித்தது, தடித்த குழாய் போட்டோம். நீ ஆக்லாந்து போய் மெலிந்த உடலும் இரண்டு என்ஜினுமாக வரைந்து அனுப்பினாய். பறந்தது! நம் ஊரில் எந்த ஆலியாவும் அவ்வளவு வேகத்தில் திரும்பியதே இல்லை. எந்தப் பக்கம் சாயும் என்று உனக்கு எப்படித் தெரியும்? கட்டிய எனக்கே தெரியவில்லையே.

பட்டறையில் அதே படத்தில் அடுத்த படகு பாதியில் நிற்கிறது. சவாயி தீவில் ஒரு குடும்பம் அதற்காகக் காத்திருக்கிறது. வெல்டிங்கை நிறுத்திவிட்டேன். துறைமுகத்தில் ஒருவர் தான் வரைந்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எங்கே அகலப்படுத்த வேண்டும், எங்கே கைப்பிடி வைக்க வேண்டும் என்று உன் கோடு வந்த பிறகுதான் தகடு வெட்டுவேன்.

முடிந்தால் நீயே வா. பாயைப் போர்த்திக்கொண்டு என் முற்றத்தில் உட்கார மட்டும் செய்யாதே. உடனே ஓடி வந்து தூக்குவேன். ஆனால் இன்னொரு தடவை அப்படியொரு விடியலை என் நெஞ்சு தாங்காது.

பெசமினோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதையும் எழுதச் சொல்கிறான்: "சித்தப்பா பயந்துபோய் வேகத்தைக் குறைச்சிடப் போறாரு. அதை மட்டும் பண்ண வேணாம்னு எழுதுங்கப்பா." எழுதிவிட்டேன்.

சாப்பிடு, மலாகி. பென்சில் பிடிக்கிற உன் கையைக் கர்த்தர் காக்கட்டும். அடுத்த ஞாயிறும் உனக்கு எழுத உட்காருவேன், நீ அதற்குள் வந்து என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும்.

உன் அண்ணன்,
நெயேமியா