கூமுட்டைக்குப் பென்சில் குறி

செங்கல்பட்டு. 1956 ஆடி, செவ்வாய் இரவு.

இல்லை, வசந்தா என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. லண்டன் ஆய்வுக்கூடத்துக்கு இருவரும்தான் விண்ணப்பித்தோம், அவளுக்குக் கிடைத்தது. அவள் போக, இந்தக் கடைசிச் சோதனை மட்டும் சரியாக வர வேண்டும். தப்பினால் அடுத்த பெயர் என்னுடையது.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் பன்னிரண்டு அடைமுட்டைகளில் அம்மை வைரஸைச் செலுத்துவாள். முட்டைகளை விளக்கில் காட்டி, கரு இல்லாதவற்றின் ஓட்டில் பென்சிலால் குறியிட்டு ஒதுக்குவது என் வேலை. "உன் கண்ணு தப்பாதுடி" என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு மகாபலிபுரம் கடற்கரைக்குப் போனாள். வழியனுப்பு விருந்து. என்னையும் கூப்பிட்டாள். முட்டை பார்க்க வேண்டும் என்றேன்.

மூன்று முட்டைகளில் இரத்த நாளமே இல்லை, அதாவது கரு இல்லை. பென்சிலை எடுக்காமல் அப்படியே அடுக்கி வைத்தேன்.

படாளத்திலிருந்து முட்டை கொண்டுவரும் கன்னியம்மா கூடையோடு வாசலில் நின்றாள்.

"மனுசனுக்கு அம்மை குத்துவாங்க. நீங்க முட்டைக்குக் குத்திகினு கீறீங்க" என்று சிரித்தாள். "இன்னாம்மா, கூமுட்டை எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்லை."

"அப்பாடா. போன தபா ஒண்ணு இருந்ததுக்கே வசந்தாம்மா என்னைக் கூமுட்டைன்னுச்சு. இன்னொரு தபா இருந்தா வேற ஆளைப் பாத்துக்குவேன்னுச்சு."

நான் முட்டைத் தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

இப்போது உறுத்துவதும் கன்னியம்மாவை நினைத்துத்தான். வசந்தாவுக்காக ஒரு துளி வருத்தம் வரவில்லை. அதை இந்த நாட்குறிப்பிலாவது ஒத்துக்கொள்கிறேன்.

அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்தேன். பென்சிலைச் சீவிப் பையில் போட்டேன்.