மடிகே முகாந்திரத்தின் மூத்த மகனுக்கு

நானா,

இன்று காலை கடைக்காரர் ஓர் உப்புச் சாக்கைக் குசினி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மழையில் நனைந்த சாக்கு. அதன் ஈர வாசனையில் அம்பிட்டிய வீடு நினைவுக்கு வந்தது. பிறகு வாப்பா, பிறகு நீங்கள். அதற்குமேல் வேலை ஓடவில்லை.

நம் குடும்பத்தின் பெருமையே உப்பில் தொடங்கியதுதானே. ஒல்லாந்தர் துறைமுகங்களை அடைத்த காலத்தில், வாப்பாவின் முப்பாட்டனார் சுமைமாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டு வழியாக உப்புக் கொண்டுவந்தாராம். கண்டி அரசன் மகிழ்ந்து ஒரு செப்பேடும் வயலும் கொடுத்து, தன் சுமைமாடுகளுக்கெல்லாம் தலைவராக்கி, 'மடிகே முகாந்திரம்' என்ற பட்டத்தையும் தந்தான். அது தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு வரும். மகன் இல்லையென்றால், அல்லது அவன் வேண்டாமென்றால், தகப்பனின் தம்பி வீட்டுக்குப் போய்விடும்.

அரசன் போனான். ரயில் வந்தது, மாடுகளும் போயின. நம் காலத்தில் பட்டமென்று மிஞ்சியது அரசாங்கக் கச்சேரி விழாக்களில் முன்வரிசையில் ஒரு கதிரையும் பொன்னிறப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும்தான். அந்தக் கதிரைக்காக வாப்பா உங்களை இழந்தார்.

ஹுன்னஸ்கிரியவில் கடை போட்ட நீங்கள், அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த மதினியை நிக்காஹ் செய்துகொண்டு வந்து நின்ற நாளில் உங்கள் தங்கை நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"கொழுந்து பறிக்கிறவ முகாந்திரத்துட பொஞ்சாதியா?" என்றார் வாப்பா.

"அவ கலிமா செல்லி இஸ்லாத்துக்கு வந்துட்டா வாப்பா. இன்னும் என்ன வேணும்?"

வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் சலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

இரண்டு வருடத்தில் வாப்பாவின் கண்ணில் பூ விழுந்தது. வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். நோன்பு மாதத்தில் உங்கள் கடிதம் வந்தது. சலாமும் சுகமும் விசாரித்துவிட்டு, நான்கு வரி எழுதியிருந்தீர்கள்: 'பட்டம் எனக்கு வேண்டாம் வாப்பா. சாச்சாவின் மகனுக்குக் கொடுத்துவிடுங்கள். பெருநாளைக்கு ஒருமுறை வந்து உங்களைப் பார்க்க உத்தரவு தந்தால் போதும்.'

அப்போது கம்பளையில் எனக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அவர்கள் கேட்டு வந்தது முகாந்திரம் வீட்டுப் பெண்ணை. பட்டம் வாப்பாவின் தம்பியான சாச்சா வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் நிற்குமா? சுக விசாரிப்போடு நிறுத்திக் கடிதத்தை மடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் வாப்பா.

"அவ்வளவுதான் வாப்பா."

அவர் வெகுநேரம் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "வரணுமெண்டு ஒரு வார்த்த எழுதல்ல பாத்தியா" என்றார்.

உத்தரவு போகவில்லை; பெருநாளைக்கு நீங்கள் வரவில்லை. எனக்குக் கலியாணம் நடந்தது.

வாப்பா மௌத்தான செய்தி கேட்டு நீங்கள் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது ஜனாஸா பள்ளிக்குப் போய்விட்டிருந்தது. அடக்கிவிட்டு வந்த பிறகு சாச்சா கறுப்புக் கோட்டை உங்கள் முன் நீட்டினார். நீங்கள் தொடவேயில்லை.

"நான் எப்பயோ எழுதிட்டேன் சாச்சா. உங்கட மகன் போட்டுக்கொள்ளட்டும்."

பிறகு உள்வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தங்கச்சி, என்ட கடிதம் வந்திச்சா?"

"வந்திச்சி நானா."

"வாப்பாக்கு முழுக்க வாசிச்சியா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை எனக்கு வாய்த்திருக்காது. வெளியே என் மாமனார் வீட்டார் இருந்தார்கள். "வாசிச்சன்" என்றேன்.

"அப்ப சரி," என்றீர்கள். கோபமில்லாமல்தான் சொன்னீர்கள்.

பட்டம் எப்படியும் சாச்சா வீட்டுக்கே போனது. கம்பளையில் அதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய வருடம், மலைக்குக் கீழே சாமான் எடுக்கப் போய்க் காய்ச்சலோடு திரும்பினீர்கள் என்று மதினி சொல்லி அனுப்பினார். நான் வந்தபோது உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்றாவது சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன். விடியுமுன் நீங்களும் மௌத்தாகிவிட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வாப்பா மௌத்தாவதற்கு இரண்டு நாளுக்கு முன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "மூத்தவன் வந்தா செல்லு, வாப்பா கடைசி வரைக்கும் படியில கால் சத்தத்தக் கேட்டுட்டிருந்தாரெண்டு" என்றார். அதை உங்களிடம் சொன்னால், ஏன் நீங்கள் அழைக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அதையும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சேர வேண்டிய அந்தச் சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நானா.