அண்ணனா, மாப்பிள்ளையா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அப்படியே இருக்க வேண்டும். என் முழங்கால் வலி பரவாயில்லை, உன் அம்மாவின் கோபமும் இன்று காலையிலிருந்து பரவாயில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிப்பாய், அது அவள் காதில் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

உன் தங்கை சின்னவள் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் வாரம் தவறாமல் நின்றுபோகும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதைச் சரி செய்ய வருகிற மெக்கானிக் பையன் ஒவ்வொரு தடவையும் அவள் மேஜைக்கு வந்துதான் கையெழுத்து வாங்குவானாம். லிஃப்டில் பெரிய கோளாறு ஒன்றும் இருந்திருக்காது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நல்ல பையன், தணிந்த பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அம்மாவும் பெண் கேட்டு வந்தார்கள். பேச்சுவாக்கில் அந்த அம்மாள், தன் தாயார் ஒரு மாடி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்ததைச் சொன்னாள். தேநீர்த் தட்டோடு நின்ற உன் அம்மா, "வாயில குண்டூசியக் கடிச்சுக்கிட்டே பேசுவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தட்டை என் மடியில் வைத்துவிட்டு, "நீ என் சித்தி பொண்ணுடி!" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. உன் அம்மாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய தையல்காரச் சித்தியைப் பற்றி நீயும் ஆயிரம் தடவை கேட்டிருப்பாய், அவரேதான். உன் அம்மா சிறுமியாக இருந்தபோதே அவர்களோடு தொடர்பு விட்டுப்போயிருந்தது.

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, உன் பெரியத்தை மட்டும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். என் அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே. "கொஞ்சம் இருங்க. சித்தி பொண்ணுன்னா தங்கச்சி. தங்கச்சி பையன்னா மகன் முறை. அப்போ இவன் சின்னவளுக்கு அண்ணன் ஆச்சே?" என்றாள். அந்தப் பையன் சத்தம் வராமல் தன் நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டான். நீ இருக்கிற நாட்டில் எல்லாரையும் கஸின் என்று ஒரே வாளியில் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள், நிம்மதி. நமக்கு அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் கட்டிக்கொள்கிற முறை, சித்தி பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்றால் கூடப் பிறந்த மாதிரி. ஒரு சொல் மாறினால் மாப்பிள்ளை அண்ணனாகிவிடுகிறான். சின்னவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. லிஃப்ட் நிற்காமல் ஓடுகிறது என்று டாக்டர் மட்டும் சந்தோஷப்பட்டாராம்.

புதன்கிழமை அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. அவளுடைய வயதான அப்பாவிடம் விசாரித்திருக்கிறாள். "அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்ல, நாங்க மாடியில வாடகைக்கு இருந்தோம், கீழ் வீட்டம்மாவ உங்கம்மா அக்கான்னு கூப்பிடுவா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாராம். கீழ் வீட்டம்மா என்றால் உன் பாட்டி, உன் அம்மாவைப் பெற்றவர். சின்னவள் துள்ளிக் குதித்தாள், நானும் குதித்திருப்பேன், முழங்கால் விடவில்லை. உன் அம்மாதான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்ன வயதில் டைபாய்டில் அவள் படுத்துக் கிடந்தபோது, தைக்க வந்த துணியையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவராம் அந்தச் சித்தி. "அவங்கள யாரோ குடியிருந்தவங்கன்னு சொல்லித்தான் என் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கணுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். பெரியத்தை விடுவாளா, "வாயால கூப்பிட்டதெல்லாம் உறவாகுமா?" என்று போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள். கதவு திறந்தது. "அப்போ நீங்க எனக்கு யாரு? கல்யாணமான அன்னைக்கு வாயால அண்ணின்னு கூப்பிட்டதுதானே!" என்றாள் உன் அம்மா. என் அக்கா மடக்கிய விரலைத் தானே பிரித்துக்கொண்டாள். என் ஞாபகத்தில் இதுதான் முதல் தடவை.

இன்று காலை அந்த அம்மாளே நேரில் வந்தாள். "அக்கா, எங்கம்மா உனக்குச் சித்தியாவே இருக்கட்டும். நான் வேணா தங்கச்சி இல்லைன்னு விலகிக்கறேன், சம்பந்தியா மட்டும் வர்றேன்" என்றாள். உன் அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ எதையும் விட வேண்டாம். அவங்க எனக்குச் சித்தி, நீ எனக்குத் தங்கச்சி, உன் பையன் எனக்கு மாப்பிள்ளை. கேக்கறவங்க கேட்டுக்கட்டும்" என்றாள். இது எந்தக் கணக்கிலும் வராதே என்று பெரியத்தை முனகினாள். வராவிட்டால் போகட்டும் என்று எல்லாரும் தேநீர் குடித்தோம். சின்னவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவள் இவ்வளவு பெரியவளானதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் கல்யாணம் வைக்கலாம் என்றிருக்கிறோம், லீவுக்கு இப்போதே சொல்லி வை. குளிருக்குக் காது மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசி. குட்டிப் பயலுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்துவிடு. வருகிறவன் சித்தியைக் கட்டுவதால் அவனுக்குச் சித்தப்பா, உன் அம்மாவின் கணக்குப்படி தங்கச்சி மகன், உனக்கு அண்ணன் என்பதால் அவனுக்கு மாமா. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்தப் பையன் திரும்பிப் பார்ப்பான்.

அன்புடன்,
உன் அப்பா