மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத்தான் போனேன்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் சித்தி குப்புறப் படுத்தபடியே நலம். உன் நலம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, அதைக் கடைசியில் பேசுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை குறுக்கே விழுவாய், நேற்றுகூடப் பாதி நேரம் அழுதாய், மீதி நேரம் திட்டினாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், தாளையும் தபாலில் போட்டுவிடுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ எனக்குப் போட்டிருக்கிற டிக்கெட்டில் நான் ஊருக்குத் திரும்பப் போவதில்லை. ஏன் என்று பொறுமையாகப் படி, பல்லைக் கடிக்காதே.

இந்த வெளிநாட்டில் தனியாக இருக்கிற உன் சித்திக்கு விழித்திரை விலகியதைச் சரிசெய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதனால் இவள் நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடுவது, தூங்குவது, எழுந்து நடப்பது எல்லாமே குனிந்த தலையோடுதான். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், தானே விட்டுக்கொண்டால் கண்ணுக்குப் போவதைவிடக் கன்னத்துக்குத்தான் அதிகம் போகிறது. வாயு கரைகிறவரை விமானமும் ஏறக் கூடாது, ஆகவே அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு வரவும் வழியில்லை. பார்வை முழுசாகத் திரும்புமா என்பது இந்தச் சில வாரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் வாய் மட்டும் குனியவில்லை. வந்ததிலேர்ந்து உன் மூஞ்சியையே பாக்கல, காலைத்தான் பாத்துட்டிருக்கேன், மொதல்ல அந்தக் கட்டைவிரல் நகத்தை வெட்டித் தொலை என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். வெட்டிவிட்டேன். இவளைத் தனியாக விட்டுவிட்டு வா என்கிறாயே, உனக்கே மனசு வருமா சொல்.

சரி, போன் கதைக்கு வருகிறேன். விமானம் இறங்கிப் போனைத் திறந்தால் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை, சேவை இல்லை என்று இருந்தது. நான் ஒன்றும் தெரியாமல் கிளம்பவில்லை சிட்டு, போன் கம்பெனி ஆபீசுக்கே போய் வெளிநாட்டில் பேசுகிற வசதியைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். விமான நிலையத்தில் இலவச வைஃபை என்று பெரிதாக எழுதியிருந்தது, அதில் போனால் உன் நம்பரைக் கொடு, அந்த நம்பருக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் உள்ளே விடுவேன் என்கிறது. சிக்னல் இல்லையென்றுதானப்பா உன்னிடமே வந்தேன் என்று அதனோடு சண்டையா போட முடியும். வெளியே வந்து டாக்ஸி பிடித்து, அந்த டிரைவரின் போனைக் கேட்டு வாங்கி உனக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டேன். நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததா, ஒரு ரிங் என்றால் பத்திரமாக வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு ரிங் என்றால் திருப்பிக் கூப்பிடு. உன் அப்பா இருந்தபோது வைத்த சட்டம், இதுவரை நம் வீட்டில் யாரும் மீறியதில்லை. முன்பின் தெரியாத மனுஷரின் செலவில் வெளிநாட்டுக்குக் கதையளப்பது நன்றாகவா இருக்கும். தகவல் சொல்லியாயிற்று என்று நான் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். நீ என்னடாவென்றால், தெரியாத நாட்டிலிருந்து ஒரே ரிங் வந்து நின்றதும் ஏமாற்றுக்காரன் என்று அந்த நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை, அப்படி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களாம். ஆனாலும் அந்த டிரைவர் நல்ல மனுஷர், பெட்டியை அவரே ஆஸ்பத்திரி மாடிவரை தூக்கி வந்தார்.

ஆஸ்பத்திரியில் உன் சித்தி ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தாள், அவள் போனை அணைத்து அலமாரியில் பூட்டியிருந்தார்கள், அதனால் நீ அதிலே எத்தனை தடவை கூப்பிட்டும் பயனில்லை. மறுநாள் அவளை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனதும் நர்ஸ் என்னிடம், இங்கே உட்காரக் கூடாது, முடிந்ததும் நீங்கள் கொடுத்த நம்பருக்குக் கூப்பிடுவோம், உடனே வந்தால்தான் தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று டாக்டரே காட்டித்தருவார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கொடுத்த நம்பரோ ஊமையாகக் கிடக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே கேன்டீனில் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்தேன். வண்டி கிளம்பாவிட்டால் கண்டதையும் பிடுங்காதே, ஒவ்வொன்றாகப் பார் என்று டிரைவிங் ஸ்கூலில் எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவள் பக்கத்திலேயே சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு போன் என்னை என்ன செய்துவிடும். முதலில் அணைத்துத் திறந்தேன். பிறகு ஏரோபிளேன் பொத்தானை அழுத்தி எடுத்தேன். அசையவில்லை. அடுத்து கம்மலைக் கழற்றி அதன் கம்பியால் சிம்மை வெளியே எடுத்தேன், கல்லாவில் இருந்த அம்மாளிடம் கையாலும் கண்ணாலும் கெஞ்சி அவள் போனில் போட்டுப் பார்த்தேன். போட்ட கொஞ்ச நேரத்தில் கோடுகள் எழுந்து நின்றன சிட்டு! அப்படியென்றால் சிம்மில் கோளாறில்லை, கம்பெனிக்காரனும் ஏமாற்றவில்லை, குற்றவாளி என் போன்தான்.

திரும்ப என் போனில் போட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் என்று இருக்கிற இடத்துக்குள் போனேன். தானாகத் தேர்ந்தெடு என்கிற பொத்தான் அணைந்து கிடந்தது, கீழே நம் ஊர்க் கம்பெனி பெயர் மட்டும் டிக் போட்டு உட்கார்ந்திருந்தது. யார் வேலை என்று நினைக்கிறாய்? போன லீவில் நீ நம் ஊருக்கு வந்தபோது, நம் மொட்டை மாடியில் பக்கத்து நாட்டு டவர் பிடித்து பில் எகிறுகிறது என்று நீதானே அதைப் பூட்டினாய், இனிமே இதுல எதையும் தொடாதம்மா என்று எச்சரிக்கையும் செய்தாய். நானும் சொன்ன பேச்சைக் கேட்டு இன்றுவரை தொடவில்லை, அதுவும் பாவம், கடல் தாண்டி வந்தும் நம் ஊர் டவரையே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. உன் கட்டளையை மீறித் தொட்டேன். பொத்தானைப் போட்டதும் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றித் தேடியது, பிறகு இந்த ஊர்க் கம்பெனி ஒன்றின் பெயர் மேலே வந்தது. நான் டீயை ஆற வைப்பதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். ஓடினேன். தலையை எப்படிப் பிடிப்பது, சொட்டு மருந்தை எந்தப் பக்கமாக விடுவது எல்லாவற்றையும் டாக்டர் என் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். தெரியாத ஊரில் யாரையும் எதிர்பார்க்காமல் சரிசெய்த எனக்கு நீ ஒரு பாராட்டுகூடச் சொல்லவில்லை, அது எனக்கு வருத்தம்தான். இனி நீயும் எங்கே போனாலும் முதலில் அந்தப் பொத்தானைப் பார், ஆங்காங்கே கடைக்கு ஓடாதே.

அவளைக் கட்டிலில் சேர்த்த பிறகுதான் ரோமிங் டேட்டாவையும் போட்டேன். ஐயோ, உன் செய்திகள் மழையாகக் கொட்டின. அம்மா எங்க இருக்க, அம்மா எடும்மா, போலீஸ்ல சொல்லட்டுமா என்று ஒரே களேபரம். மாமாவையும் எழுப்பி விட்டிருக்கிறாய், அவர் நம் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டாராம், நல்லவேளை வகுப்புப் பெண்கள் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே படித்து வந்தேன். நடுவில் ஒன்று இருந்தது. உன்னக் காணோம்னு சொல்லி அழுறதுக்குக்கூட இந்த ஊர்ல எனக்கு ஒரு ஆள் இல்லம்மா என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த செய்தி டிக்கெட் நம்பர்.

நேற்று நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே போய் இத்தனை வருஷமாக நீ தவறாமல் கூப்பிடுகிறாய், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்கிறாய், நீ எப்படிடி இருக்கே என்றால் எல்லாம் நல்லாருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய். என் பெண் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், சித்தி குனிந்திருந்ததால் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது ஒரு நல்லதாகப் போயிற்று. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், இதில் மறுபேச்சு கிடையாது. அந்த டிக்கெட்டை ரத்து செய்யாதே, மாற்று. டாக்டர் இவளைத் தலை நிமிரச் சொன்ன பிறகு ஒரு தேதியைப் பார்த்து, ஊருக்கு வேண்டாம், நீ இருக்கிற இடத்துக்குப் போடு. ஸ்கூலை மாமா பார்த்துக்கொள்வார்.

நீ தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும், சித்தியும் குனிந்தபடியே ஆசீர்வாதம் சொல்கிறாள். டிக்கெட்டை இன்றைக்கே மாற்றிவிடு, மறந்துவிடாதே. என்னைக் கூட்டிப்போக நீயே விமான நிலையத்துக்கு வா. அழுதுகொண்டே வந்தாலும் சரி, வந்ததும் எல்லாம் நல்லாருக்கும்மா என்று மட்டும் ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
உன்னிடம் வரப்போகும் அம்மா