ஒன்றரைக் கிலோவுக்குள் வாங்கு

அன்புச் சில்லுவுக்கு,

நேற்று சாயங்காலம் நாலு நாற்பதுக்குச் செய்தி வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நீ சௌக்கியமா, தூங்குகிறாயா, வேளைக்கு ஏதாவது வாயில் போடுகிறாயா என்று கேட்டுக்கொள்கிறேன். நான் உடம்பளவில் சௌக்கியம். சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். அம்மா போனதிலிருந்து கடையில் யாரும் என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீ இன்று காலை அனுப்பியதைப் படித்தேன். அம்மாவை வண்டியோடு இழுத்துப்போய்க் கொன்றவனைப் பிடித்துவிட்டோம், கையை உடைத்துவிட்டோம் என்று மாமா உன்னிடம் சொன்னாராம். நீயும், நல்லா செஞ்சீங்க மாமா, நான் வெள்ளிக்கிழமை கிளம்பி வர்றேன், எனக்குப் படிப்பு போதும், அந்த லேப்டாப்ப மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க, அது எனக்கு வேணும் என்று சொன்னாயாம், அதையே எனக்கும் எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் எனக்கு வாய் வராது, அதனால் மெயிலிலேயே கடிதமாக எழுதுகிறேன், நீளமாக இருக்கும், டிக்கெட் விஷயத்தை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்.

நாலு நாற்பதுக்கு நான் மாடியில் என் மேசையில் ரிப்பேருக்கு வந்த ஒரு லேப்டாப் போர்டுக்குச் சூட்டுத் துப்பாக்கியால் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். கீழே கவுண்டரில் இருக்கும் கண்ணாடி போன் செய்தான், அவனை உனக்கு நினைவிருக்கும், அந்தப் பருத்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன்தான். குரலைத் தாழ்த்தி, அண்ணே கீழ வாங்க, அக்கா கொண்டுபோன மெஷின் வந்திருக்கு என்றான். உனக்குக் கூரியரில் போட அம்மா எடுத்துப்போனாளே, அந்த லேப்டாப்தான். எப்படிக் கண்டுபிடித்தான் என்றால், அதை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் நான் திறந்து ராம் கூட்டிப் போட்டேன் இல்லையா, அப்போது அடிப்பக்கத்துத் திருகு ஒன்று தலை மழுங்கிப்போய் வேறு போட்டேன். மற்றதெல்லாம் கறுப்பு, இடது மூலையில் ஒன்று மட்டும் வெள்ளை. பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக் கேலி செய்தவன் அவன்தான். திருட்டு மெஷின் என்று சந்தேகம் வந்தால் எங்கள் கடையில் யாரும் சத்தம் போடமாட்டோம், அரைமணி நேரம் ஆகும், உட்காருங்க, ஃபேன் போடவா என்று கேட்டுவிட்டு மெஷினை உள்ளே கொண்டுபோய் போலீஸுக்குச் சொல்வோம். கண்ணாடி உட்காரவும் வைத்தான், ஃபேனும் போட்டான், ஆனால் போலீஸுக்குச் சொல்வதற்கு முன்னால் உன் மாமாவுக்குச் சொல்லிவிட்டான். மாமாவின் வேன் நிற்கும் இடம் எங்கள் தெருமுனையில்தானே. நான் படியிறங்கி வருவதற்குள் அவர் இன்னும் இரண்டு டிரைவர்களோடு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

வந்திருந்தவர் ஒரு பெயிண்டர். நகக்கண்ணெல்லாம் பச்சை பெயிண்ட். பாஸ்வேர்டு மறந்துடுச்சு சார் என்று சொல்லியிருக்கிறார், திருட்டு மெஷின் கொண்டுவருகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள், சொந்த மெஷின் கொண்டுவருகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இது யாருது என்று. என்னுதுங்க என்றார் அவர். மாமா கவுண்டர் மேலிருந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் எடுத்து அவர் தலையில் அடித்தார். மூலைதான் முதலில் பட்டது, காதுக்கு மேலே. ரெண்டரைக் கிலோ, மூடி முழுக்க உலோகம். இரண்டாவது அடி தாடையில். ஒரு பல் தெறித்துப்போய் சார்ஜர் தொங்கும் பலகையில் பட்டது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார், எழுந்திருக்கக் கையை ஊன்றினார், ஊன்றிய மணிக்கட்டின் மேல் மாமா ஏறி நின்றார். நான் இந்த வேலையில் எத்தனையோ பொருள் உடைகிற சத்தம் கேட்டிருக்கிறேன், அந்தச் சத்தத்தை இதுவரை கேட்டதில்லை. டிரைவர்கள் இரண்டு பேரும் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடிக்காரன் வாசலில் குந்தி வாந்தியெடுத்தான். முதலாளி அண்ணன் போதும்டா போதும்டா என்றாரே தவிர கிட்டே வரவில்லை.

சில்லு, இனி எழுதப்போவதை மாமா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார், என்னைக் காப்பாற்ற நினைப்பார். கவுண்டர் மேசையில் இன்னொரு சூட்டுத் துப்பாக்கி இருக்கிறது, கொதிக்கிற காற்றை ஊதி ஈயம் உருக்குவது. அது ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். மாமா திரும்பிப் பார்த்து, மாப்ள வாங்க, மூஞ்சியில காட்டுங்க, அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீங்கதானே பாத்தீங்க என்றார். ஆமாம், பிணவறையில் நான்தான் பார்த்தேன். உன்னைப் பார்க்கவிடவில்லை. நான் போய் அந்த ஆளின் பக்கத்தில் மண்டியிட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை, எந்தத் தூரத்தில் பிடித்தால் தோல் எப்படி ஆகும் என்று மட்டும் மனசில் ஓடியது. காட்டினேன். புருவ மயிர் சுருண்டது, அந்த வாசனை வந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை, திருப்பத் தெம்பில்லை. உடையாத கையால் பக்கத்தில் கிடந்த லேப்டாப்பை எங்கள் பக்கம் தள்ளினார், தள்ளிக்கொண்டே, எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க, விட்டுடுங்க என்றார். தாடை உடைந்திருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. நான் துப்பாக்கியை அணைத்துவிட்டேன். அணைத்ததோடு நிற்காமல் மாமாவின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன், அவர் முழங்கையால் என் மூக்கில் இடித்தார், இரண்டு பேரும் கவுண்டரின் கண்ணாடிப் பலகை மேல் விழுந்து அது நொறுங்கியது. என் முதுகில் ஆறேழு தையல். பயப்படாதே, ஆழமில்லை.

ஏன் அணைத்தேன் என்று கேட்பாய், நேற்று மாமாவும் அதையே கேட்டு என் சட்டையைப் பிடித்தார். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, காரியமெல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அம்மா அந்த லேப்டாப்பை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதால்தான் செத்தாள் என்று மாமா எல்லோரிடமும் சொல்கிறார், பெருமையாகத்தான் சொல்கிறார், மகளுக்காக உசுரையே குடுத்தா என்று. நீயும் அதை நம்பிக்கொண்டு, நான் கனமானதக் கேக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க என்று என்னிடம் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாய். நான் அந்தத் தெருவுக்குப் போனேன். எதிரில் ஒரு தையல்கடை இருக்கிறது, தையல்காரர் மெஷினில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பைக்கில் இரண்டு பேர், பின்னால் இருந்தவன் பையைப் பிடித்து இழுத்தான், உடனே உன் அம்மா, எடுத்துக்கோடா, எடுத்துக்கோ, வண்டிய நிறுத்து என்று கத்தியிருக்கிறாள், அந்த ஆள் வாயில் வந்ததும் அதே வார்த்தை. தம்பி, அந்தம்மா விடணும்னுதான் பாத்துச்சு, வார் கழுத்தச் சுத்தி மாட்டிக்கிச்சு, அவன் வண்டிய முறுக்கிட்டான் என்றார். மின்கம்பம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான், நடைபாதை ஓரக்கல்லில் தலை அடித்த பிறகுதான் வார் அறுந்திருக்கிறது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வழியில் வீசிவிட்டுப் போன பையைப் போலீஸ் திருப்பித் தந்தது, அதை நான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வாரின் கொக்கியில் மேல் பூச்சு நகத்தால் சுரண்டப்பட்டிருக்கிறது. அவள் கட்டைவிரல் நகம் உடைந்திருந்ததாக டாக்டரும் சொன்னார். பிடித்துக்கொள்ளவில்லை, கழற்றப் பார்த்திருக்கிறாள். பையைக் குறுக்காக மாட்டியது கனத்துக்காகவும் இல்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்த காலத்திலிருந்தே எந்தப் பையையும் அவள் அப்படித்தான் மாட்டுவாள், உள்ளே ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். நீ எதைக் கேட்டிருந்தாலும் அதே தெரு, அதே வார்.

அந்த பெயிண்டர் அம்மாவைக் கொன்றவர் இல்லை. அம்மா செத்த வாரம் முழுக்க அவர் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார், கூட வேலை செய்த எல்லோரும் சொல்கிறார்கள். பஸ் நிலையத்தில் ஒருத்தன் சல்லிசாகக் கொடுத்தான் என்று வாங்கியிருக்கிறார், மனைவி டைப்பிங் கற்றுக்கொள்கிறாளாம். ஒரு மெஷின் ஒரே வாரத்தில் எத்தனை கை மாறும் என்று எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அப்படியும் வாசலில் வந்து நின்றவர்தான் கொன்றவர் என்று நினைத்துவிட்டோம். பைக்கில் வந்தவர்கள் இன்னும் வெளியில்தான் இருக்கிறார்கள். இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள், அந்த வலதுகையில் இனி பிரஷ் பிடிக்கமுடியுமா என்று தெரியவில்லை. அவன்தான் முதல்ல கை ஓங்கினான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ள, நம்ம வீட்டுப் பொண்ணு போயிருக்கா என்று மாமா என் காலைத் தொடக் குனிந்தார். அவரும் அழுதார், உன் அம்மாவைத் தூக்கி வளர்த்த அண்ணன்தானே. ஆனால் நான் இன்று மதியம் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன், மாமா செய்ததும், டிரைவர்கள் செய்ததும், சூட்டுத் துப்பாக்கியோடு நான் செய்ததும். என் மேலும் கேஸ் வரும்.

இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன், உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். அந்த மெஷின் உனக்கு வேண்டாம். அது போலீஸில் இருக்கிறது. திரை விரிசல் விட்டு, சாவிகளுக்கு நடுவே ரத்தமும் தலைமுடியும் இருக்கிறது. கான்ஸ்டபிள் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நீ கேட்ட பவர் அதில் இருந்தது உண்மைதான். வாங்குவதற்கு முன்னால் நாம் மூன்று பேரும் வீடியோவில் உட்கார்ந்து சண்டை போட்டோமே, விலை குறைவாக ஒன்று, எடை குறைவாக ஒன்று, பவருள்ளதாக ஒன்று, மூன்றும் சேர்ந்த மாதிரி ஒன்று கிடையாதா என்று நீ கேட்டாய். உன் அம்மா, உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி என்னப் பத்திக்கூட இவ்வளவு விசாரிக்கலடி என்றாள். அது வந்திறங்கியதும் தூக்கிப் பார்த்துவிட்டு, இது கம்ப்யூட்டரா அம்மிக்கல்லா என்று கேட்டவளும் அவள்தான்.

மறுபடி வாங்கு. ஒன்றரைக் கிலோவுக்குள் வாங்கு. கடையில் சொல்லும் எடையில் சார்ஜர் சேர்த்தி இல்லை, இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப் பார், படி ஏறி இறங்கிப் பார். கிராபிக்ஸ் கார்டு பெரிசாக இருந்தால் சார்ஜரே செங்கல் மாதிரி இருக்கும், பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்காது. ரொம்ப மெலிசானதும் வேண்டாம், சூடு ஏறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கட்டிட வரைபடம் பாதியில் இழுக்கும். நடுவிலானது எடு. ராம் பதினாறு ஜிபி இருக்கட்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே, பிராசஸரின் பெயரை விட அதுதான் உன் வேலைக்கு உதவும். முழுக் கட்டிடத்தையும் முப்பரிமாணத்தில் ஓட்டிப் பார்க்கும் வேலையைக் கல்லூரி லேபில் இருக்கும் பெரிய மெஷினில் விட்டுவிடு, அதைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை. விலையைப் பொறுத்தவரை, பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், முழுசையும் செலவு செய்யாதே. யாராவது பிடித்து இழுத்தால் எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி அழுதுவிட்டு, மறுநாள் எழுந்து வகுப்புக்குப் போகிற விலை எதுவோ அதுதான் சரியான விலை. பையை ஒரு தோளில் மாட்டு, உதறினால் விழவேண்டும், குறுக்காக மாட்டாதே. வேலையை வேறொரு இடத்திலும் சேமித்து வை, அப்போதுதான் பையை விட மனசு வரும்.

இங்கே வந்து என்ன செய்வாய். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்ப்பாய், பார்த்த பிறகு தூங்கமாட்டாய், நான் தூங்கவில்லை. அடுத்த மாதம் நீ கட்டிட மாதிரியைச் சமர்ப்பிக்காவிட்டால் வருஷம் போய்விடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கு நாற்பத்தஞ்சுகூட ஆகல, இன்னொரு கல்யாணம் பண்ணிக்க வயசு இருக்கே என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு பெரியவர் என்னிடம் ஆரம்பித்தார், அதையெல்லாம் நினைத்து நீ பயப்படாதே, எனக்கு ஒன்றும் வேண்டாம். நீ அந்த ஒரு வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். என் கேஸுக்கு நான் போய்க்கொள்கிறேன், அந்த பெயிண்டர் வீட்டுக்கும் நானே போகிறேன், வாசலில் நிறுத்தினால் நின்றுவிட்டு வருகிறேன்.

நன்றாக இரு கண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள், உன் அம்மாவின் தைரியமும் வாயும் உன்னோடு இருக்கட்டும். டிக்கெட்டை ரத்து செய், நாளைக்கே கடைக்குப் போ. மாமா உன்னிடம் என்னைத் திட்டுவார், திட்டட்டும், அவரிடம் கோபப்பட்டுப் பேசாதே, ஆனால் வர்றேன் என்று மட்டும் சொல்லாதே. ஸ்டேஷனில் இருந்து அவரைத் தேடிப் போயிருக்கிறார்கள், அந்த வாக்குமூலத்தைத் திருப்பி வாங்கச் சொல்லி மதியத்திலிருந்து அவரும் சொந்தக்காரர்களும் விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எடுத்தால் சம்மதித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உனக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே எழுது, கடையில் பார்த்துக்கொள்கிறேன், போனை அணைத்துவிட்டேன்.

உன் அப்பா