கழுவாத மண் வேண்டி விடுத்த ஓலை

மழை பிழையாதிருக்க! மதில் சரியாதிருக்க! எண்திசையும் நடுங்கும் இடிமுரசுடையார், எறும்பும் ஒதுங்கி வழிவிடும் ஏற்றமுடையார், மண்மாசறுத்த பெருமான், நெடுங்குடி நாடாளும் வளவக்கோன் திருவாய்மொழிந்தருள, தாழைக்கரை நாட்டரசி சேந்தி நங்கையார் திருமுன் எய்தும் ஓலை. நும் கோட்டைக்கும் குளத்துக்கும், குறிப்பாக நும் மண்ணுக்கும், நலம் பெருகுக!

சென்ற போரின் முடிவில், தோற்றவர் மண் கொடுக்கும் தொல்வழக்கின்படி நீவிர் ஒரு கூடை மண்ணைத் திறையாக விடுத்ததை மறந்திருக்கமாட்டீர். எம் மன்னரும் மறந்திலர். விருந்தினர் வரும்போதெல்லாம் சொல்லி மகிழ்கிறார். அம்மண்ணை வாழைத்தோட்டத்தின் வடமூலையில் கொட்டுவித்தார்.

பின்னொருநாள், வாழையின் வேர்களில் வெண்ணூலாய்ப் படர்ந்திருந்த பூசணத்தைக் கண்டு, அரச வாழைக்கு அழுக்கில் குடியிருப்பா என்று சினந்தார். தோட்டத்து மண்ணெல்லாம் அகழப்பட்டு, வறுக்கப்பட்டு, பன்னீரில் அலசப்பட்டு மீண்டும் இடப்பட்டது. மண்மாசறுத்த பெருமான் என்னும் பட்டம் அன்று சூடியதே. குடிகளும் அரசபக்தி மேலிட்டுத் தத்தம் தோட்டங்களை வறுத்தனர். வடமூலை மட்டும் தப்பியது. பகைவர் மண்ணை எங்கள் சட்டியில் வறுப்பதா என்று மடைப்பள்ளியார் மறுத்துவிட்டனர்.

அடுத்து வந்தது வாடல் நோய். இலைகள் மஞ்சளாகித் தொங்கின, தண்டுகள் பிளந்தன. நும் மண்ணில் காலூன்றிய வடமூலை வாழைகளோ, மன்னரைக் கண்டும் தலைவணங்காமல் நின்றன. சித்திரை விருந்தில் தன் தோட்டத்து இலையில் குடிகளுக்குச் சோறிடாத மன்னன் அரியணை அமரலாகாது என்பது எம் நாட்டு முறை. வடமூலையின் இலையும் மண்ணும் அதற்குப் போதா.

பேரமைச்சர் ஆதன் குமரனார் இருபுறத்து வேரையும் தோண்டி ஒப்பிட்டு விண்ணப்பித்ததாவது: அவ்வெண்ணூல் வாழையிடம் சிறிது இனிப்பை வாங்கி உண்டு, எட்டாத நீரையும் உரத்தையும் தேடித் தருகிறது, நோய்ப்பூசணம் வந்து குந்த இடமின்றி வேரை நிறைக்கிறது, பகை நெருங்குமுன்னரே வாழையைத் தட்டியெழுப்பி அதன் உடலைப் போருக்கு ஆயத்தம் செய்கிறது, எல்லா நோயையும் வெல்லும் என்பதற்கில்லை, எனினும் அக்காவல் இழந்த வாழை பிழைப்பது அரிது.

வாழைக்குக் காவல் இருந்ததை எவரும் எமக்கு உரைக்காதது ஏன் என்று மன்னர் முழங்க, காவலரை வறுத்தபின் யாரை விசாரிக்கப் போகிறீர் என்று பட்டத்தரசி கிள்ளியார் வினவியருளினார். அன்று மன்னர் உணவு கொண்டிலர் என்பர். மடைப்பள்ளியார் வேறு சொல்வர்.

ஆதலின் இதனால் ஆணையிடப்படுவதாவது: புதுக்கன்று நடுவதற்காக, நும் வாழைகளின் வேரடி மண்ணைக் கழுவாமலும் வறுக்காமலும், ஈரம் காயாமல் மூடி, இத்துடன் வரும் கூடைகள் நிரம்ப அனுப்புக. ஆணை என்னும் சொல்லை வேண்டுகோள் என வாசிக்கத் தடையில்லை.

கூடையை வெறுமையாய் அனுப்புவது எம் குலத்துக்கு இழுக்கு. ஈண்டு வேறொன்றும் விளையாமையால், கூடைதோறும் எம் மண்ணில் ஒரு பிடி இட்டுள்ளோம். மண் கொடுத்தவர் தோற்றவர் ஆவாரே என்று பேரமைச்சர் நினைவூட்ட, மன்னர் வாடிய வாழைகளைச் சுட்டிக்காட்டி, இருக்கட்டும், வண்டியில் ஏற்றுக என்றார்.

இவ்வோலையின் முகப்பிலுள்ள மண்மாசறுத்த பெருமான் என்னும் பட்டம், சுரண்டினால் ஓலை பிளக்கும் என்பதால் விட்டுவைக்கப்பட்டது. அடியில் ஒற்றிய இலச்சினையில் அது இல்லை.