ஷட்டருக்கு உள்பக்கம் ஒட்டின நோட்டீஸ்

ஏம்மா பாப்பா, எப்படிம்மா இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல ரொட்டியை வாயில கவ்விக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுறியா? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? பேத்திக்கு விழுந்த பல்லு முளைச்சுதா? இங்க நானும் உங்கம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். மனசைக் கேக்காத, அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா காதைக் கொண்டாந்து என் காதோட ஒட்டி வெச்சுக்கிறா, அடுப்படியில நிக்கிற உன் தம்பிக்கும் எல்லாம் கேக்கும். அதான் கடைக்கு மேல மொட்டைமாடியில பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்து எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பக்கெட்டைத் திட்டு, என்னைத் திட்டாத.

நம்ம சாப்பாட்டுக் கடை விஷயந்தான். எதிர்ல புதுசா ஒருத்தன் சாப்பாட்டுக் கடை போட்டான்னு சொன்னேன்ல, அவனுக்கு மது விக்கிற லைசென்ஸ் இருக்கு, சனிக்கிழமை சாயந்திரமானா பாட்டுக்காரனையும் கூட்டியாந்து உக்கார வெக்கிறான். ஃபேக்டரி விட்டு வர்ற ஆளுங்க மொத்தப் பேரும் அங்கதான். நம்ம கடையில பத்தொம்பது நாற்காலி, நேத்து சாயந்திரம் நாலுதான் நிறைஞ்சுது, அதுல ஒண்ணுல நான் உக்காந்திருந்தேன். சூப்பு ஆறி ஆடை கட்டிப்போச்சு. பக்கத்துக் கடைத் தையக்காரர் இருக்காரே, தினம் நம்மகிட்ட சாப்பிடுறவரு, அவரே ஒருநாள் எதிர்க் கடையில இருந்து வெளிய வந்தவரு என்னைப் பாத்துட்டு, அளவெடுக்கப் போனேன்னாரு. எதை அளவெடுத்தீங்கன்னு கேட்டேன். கையில டேப்பே இல்ல. கோவம் வரல பாப்பா, சிரிப்புதான் வந்துச்சு, வீட்டுக்கு வந்தப்புறம் அதுவும் போயிடுச்சு. இப்படியே போனா ரெண்டு மாசங்கூடத் தாங்காது.

சரி, நாமளும் லைசென்ஸ் கேப்போம்னு கிளம்பினேன். பன்னெண்டு பக்கம் விண்ணப்பம். தையக்காரர்தான், அந்தக் குத்த உணர்ச்சியிலயோ என்னமோ, உக்காந்து நிரப்பிக் குடுத்தாரு. அதுல ஒரு எடத்துல, விக்கிறதுக்குப் பொறுப்பு யாருன்னு கேட்டிருந்தான். நான் யோசிக்கவே இல்லம்மா, உன் தம்பி பேரைப் போடுங்கன்னுட்டேன். அதோட விட்டேனா, வேலையாளுங்க எல்லாரும் நிக்கிறப்போ, சரக்கைப் பத்தி இவனை விட யாருக்குய்யா தெரியும்னு ஒரு நக்கல் வேற. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். உனக்குச் சம்மதமான்னு கேட்டேன், உங்க இஷ்டம்பான்னு சொல்லிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டான். அவன் குடியை விட்டுப் பதினோரு மாசம் ஆச்சும்மா. அவனை ஆஸ்பத்திரியில சேத்துட்டு அங்கருந்து உனக்குப் போன் போட்டேனே, நீ அந்தப் பக்கம் பேசவே முடியாம அழுதியே, அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடல. விட்டுட்டான்னா விட்டுட்டான், முடிஞ்சு போன கதைன்னுதான் நான் நெனச்சேன். மடையன்.

விண்ணப்பம் குடுத்தா ஆபீஸ்ல ஒரு நோட்டீஸ் குடுப்பான். இந்தக் கடையில மது விக்க, பாட்டு வெக்க லைசென்ஸ் கேக்குறாங்க, ஆட்சேபணை இருக்கிறவங்க எழுதிக் குடுக்கலாம்னு போட்டிருக்கும். அதைக் கடை வாசல்ல இருபத்தோரு நாள் ஒட்டி வெக்கணும். இப்போ இங்க மழை எப்படிங்கிறே, உங்கம்மா காயப்போட்ட போர்வை மூணு நாளா சொட்டிக்கிட்டு இருக்கு. நோட்டீஸ் நனைஞ்சு கிழிஞ்சா மறுபடி அலையணுமேன்னு, நான் புத்திசாலித்தனமா மைதாவுல பசை காய்ச்சி, ஷட்டருக்கு உள்பக்கமா ஒட்டினேன். நாலு மூலையும் தேச்சு விட்டேன், ஒரு குமிழி இல்ல. பகல்ல ஷட்டரைத் தூக்கினா நோட்டீஸும் சேந்து மேல சுருண்டுக்கும். கடையைப் பூட்டினா உள்ள பாத்துக்கிட்டு இருக்கும். தெருவுல ஒரு ஜீவன் அதைப் பாக்க முடியாது. இது எனக்கு உறைக்கவே இல்ல பாப்பா. உங்கம்மாவுக்கும் உறைக்கல, பசை நல்லாப் பிடிச்சிருக்குன்னு பாராட்டு வேற.

திங்கக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. சின்ன ரூம்பு, ஃபேன் சுத்துறப்போ காகிதமெல்லாம் பறக்குதுன்னு ஒவ்வொரு கட்டு மேலயும் ஒரு கல்லு. ஆபீஸர் அம்மா உன் வயசுதான் இருக்கும். உங்க தெருவுல இருந்து பத்துப் பதினஞ்சு ஆட்சேபணையாவது வரும்னு பாத்தோம், ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு, ஆச்சரியமா இருக்கேன்னாங்க. நானும் பெருமையா, நோட்டீஸ் ஒரு துளி நனையலம்மா, ஷட்டருக்கு உள்ள ஒட்டினேன்னு சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. உள்ள ஒட்டினா யாருய்யா பாப்பாங்கன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்குத் தலையில தட்டின மாதிரி இருந்துச்சு. பூட்டின ஷட்டருக்கு உள்ள இருக்கிறவன் யாரு? விடியக்காலம் பின்பக்கக் கதவு வழியா வந்து அடுப்பு மூட்டுற உன் தம்பி ஒருத்தன்தான். இருபத்தோரு நாள், தினம் தண்ணி கொதிக்கிற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு நின்னிருக்கான்.

அந்தம்மா ஆட்சேபணையை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சாங்க. நான் அந்தக் கடையிலதான் சமைக்கிறேன், குடியை விட்டுப் பதினோரு மாசம் ஆகுது, பாட்டில் பக்கத்துல இருந்தா என்னால நிக்க முடியாது, பயமா இருக்கு. அப்பாகிட்ட சொன்னா உடனே விட்டுடுவாரு, அப்புறம் கடை போச்சுன்னா என்னால போனதா ஆயிடும், அதனால நீங்களே முடியாதுன்னு சொல்லிடுங்க. கடைசி வரியையும் அந்தம்மா அதே வேகத்துல படிச்சுட்டாங்க. எழுதினது நான்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். படிச்சப்புறம்தான் என்ன படிச்சோம்னு புரிஞ்சுது அவங்களுக்கு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, தண்ணி குடிக்கிறீங்களா அய்யான்னு கேட்டாங்க. குடிச்சேன்.

வெளியில ஒட்டி மறுபடி இருபத்தோரு நாள் வெச்சாலும் சரி, இல்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்தாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னுட்டாங்க. புது நோட்டீஸ் ஒண்ணு, வேண்டாம்னு எழுதற ஃபாரம் ஒண்ணு, அவங்க குடுத்த ரெண்டு காகிதமும் என் சட்டைப் பையிலதான் இருக்கு, உங்கம்மா துவைக்க எடுத்துடுவாளோன்னு மூணு நாளா ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறேன். கடையா பிள்ளையான்னு கேட்டா பிள்ளைதான், அதுல யோசிக்க என்ன இருக்கு. ஆனா கடை போனா அவன் எங்கம்மா போவான்? அவனை இத்தனை மாசம் பிடிச்சு நிறுத்தினதே அந்த அடுப்புதானே. பாட்டிலை உள்ள விட்டாலும் விழுவான், கடையைப் பூட்டினாலும் விழுவான். எந்தப் பக்கம் போனாலும் முட்டுதும்மா. தண்ணிக் குழாயடியில நின்னு நேத்து அழுதுட்டேன், குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

வேண்டாம்னுதான் எழுதிக் குடுக்கப் போறேன். வீட்டுல, நோட்டீஸை நான் தப்பா ஒட்டினதால தள்ளிட்டாங்கன்னு சொல்லிடறேன். கிழவனுக்கு மூளை இல்லைன்னு தெருவே சிரிக்கட்டும், அவன் எழுதினது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். கடைக்கு என்ன பண்றதுன்னுதான் ஒண்ணும் தோணல. இது உன் கைக்கு வர்றதுக்குள்ள வெள்ளி போயிடும், தெரிஞ்சும் எழுதறேன், யார்கிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுடும். நீ தம்பிகிட்டப் பேசுறப்போ வாய் தவறிக்கூட இதைக் கேட்டுடாத, ஆனா பேசு, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பேசு. மாப்பிள்ளையை மூட்டை தூக்க விடாத. நீயும் உன் குடும்பமும் கண்ணு மாதிரி நல்லா இருக்கணும், பேத்தி பெரிய படிப்பு படிக்கணும், என் ஆயுசுல பாதி உங்களுக்கு.

இப்படிக்கு,
உன் மேல உசுரா இருக்கிற அப்பா

காகிதத்துல இன்னும் கொஞ்சம் எடம் இருக்கு, அதுக்குள்ள உன் தம்பி படியில நின்னு கூப்பிடுறான். அப்பா, அடுப்பை அணைச்சுட்டேன், கீழ வாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்கிறான். இந்நேரத்துக்கு அவன் அடுப்பை அணைக்கவே மாட்டானே. மறுபடி கூப்பிடுறான், குரல் ஒரு மாதிரி இருக்கு. பாப்பா, அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நானே அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடப் போறேன், அந்த விண்ணப்பத்துல அவன் பேரைப் போட்டதுக்கு.